காக்கிச் சட்டைக்குள் ஒரு மாணவர் இருப்பது தெரியுமா?

2012இல் வந்த ‘ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்’ இந்திப் படம் ஞாபகம் இருக்கிறதா? பணக்காரப் பிள்ளைகள் ஆடிப் பாடித் திரியும் அந்தப் பிரம்மாண்டமான செங்கல் மாளிகை செட் கிடையாது, அத்தனையும் நிஜம்! ஆனால் அது கல்லூரியும் இல்லை. டேராடூனில் இருக்கும் வன ஆராய்ச்சி நிறுவனம். சி.ஜி. புளோம்ஃபீல்டு என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1929இல் திறக்கப்பட்டது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு தேவதாரு மரத்தின் குறுக்குவெட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஆண்டு வளையங்கள் 700க்கும் மேல்! அந்த மரம் முளைவிட்டபோது மதுரையில் பாண்டியர்கள் இருந்தார்கள். நாயகியைப் பார்த்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வனத்துறையின் தலையெழுத்தே இப்படித்தான். கண்ணெதிரே நிற்கும், ஆனால் வேறு ஏதோவாகத் தெரியும். 2021இல் ‘புஷ்பா’ வந்தது. செம்மரம் கடத்துபவர் நாயகன், தியேட்டரில் விசில் பறந்தது. அடுத்த ஆண்டு ‘காந்தாரா’வில் வன அதிகாரி பாதிப் படம் வரைக்கும் ஊருக்கு எதிரி. ‘ஷேர்னி’யில்தான் வித்யா பாலன் ஒரு நிஜமான வன அலுவலர் படும் பாட்டைக் காட்டினார், அதற்கு விசில் அடிக்க ஆள் இல்லை. நம் ஊரிலும் பாரஸ்ட்காரர் என்றால் செக்போஸ்டில் லாரியை மறித்து பர்மிட் கேட்பவர், முதுமலைச் சாலையில் “வண்டியை விட்டு இறங்காதீங்க” என்று விரட்டுபவர். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த முகம்.

அவருடைய உண்மையான வேலை என்ன தெரியுமா? எண்ணுவது! அப்புறம் படிப்பது. எண்ணிப் படித்ததில் தப்பு இருந்தால், எடுத்துப்போட்டுத் திரும்பவும் படிப்பது.

எண்ணுவதில் இருந்தே தொடங்குவோம். 1856இல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். எத்தனை மரம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கருவி கிடையாது, வரைபடமும் ஒழுங்காகக் கிடையாது. மனிதர் யானை மேல் ஏறி உட்கார்ந்தார். இடது கையில் சில குச்சிகள், ஒவ்வொரு குச்சியும் ஒரு பருமன் அளவுக்கு. வலது கையில் பேனாக்கத்தி. பாதையோரம் ஒரு தேக்கு கண்ணில் பட்டால், அதன் பருமனுக்கு உரிய குச்சியில் ஒரு வெட்டு. பெரிய மரமா, இந்தக் குச்சி. இளமரமா, அந்தக் குச்சி. யானை நடக்க நடக்க வெட்டு விழுந்துகொண்டே போகும். சாயங்காலம் முகாமில் குச்சிகளை வரிசையாக வைத்து வெட்டுகளை எண்ணினால் அன்றைய கணக்கு ரெடி! ஒரு கீற்றில் எண்ணியதை வைத்து முழுக்காட்டையும் மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பு இது. புள்ளியியல் பாடப்புத்தகங்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு, யானை முதுகில் நடந்தது!

அதே பிராண்டிஸ்தான் 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர். டேராடூனில் 1878இல் வனப் பள்ளி வந்ததும் அவர் முயற்சியில். இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து கிஃபோர்டு பிஞ்சோ என்ற இளைஞர் வனவியல் படிக்க ஐரோப்பா போனபோது அவருக்கு வழிகாட்டியவரும் இந்தப் பிராண்டிஸ்தான். பிஞ்சோ ஊர் திரும்பி, 1905இல் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவரானார். அமெரிக்கக் காடுகளின் நிர்வாகத்துக்கு ஒரு வேர் பர்மாவிலும் இந்தியாவிலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

சரி, யானை இல்லாதவர் எப்படி எண்ணுவது? அதற்கும் ஒரு மந்திரம் இருக்கிறது. 1940களின் கடைசியில் வால்டர் பிட்டர்லிஹ் என்ற ஆஸ்திரிய வனவியலாளர் கண்டுபிடித்தது. காட்டில் ஒரே இடத்தில் நில்லுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடியுங்கள். அப்படியே ஒரு முழுச்சுற்றுச் சுற்றுங்கள். கட்டைவிரலைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு அடிமரப் பரப்பு, அதாவது அடிமரங்களின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு, நிற்கிறது என்று வந்துவிடும்! ஒரு மரத்தைக்கூடத் தொட வேண்டாம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கவும் வேண்டாம். கிட்டே இருக்கும் ஒல்லி மரமும் தூரத்தில் இருக்கும் தடி மரமும் வடிவியல் விதிப்படி தாமே கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் கேட்பவருக்குக் கண்கட்டு வித்தைபோல் இருக்கும், காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பள்ளிக்கூட ஒத்த முக்கோணம்தான்.

தொட்டு அளப்பதற்கும் இலக்கணம் உண்டு. மரத்தின் சுற்றளவை இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் டேப்பைச் சுற்றி எடுத்துவிட முடியாது. இந்தியாவில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது சராசரி ஆளின் மார்பு மட்டத்தில்தான் எடுக்க வேண்டும். மரம் சரிவில் நிற்கிறதா? மேட்டுப் பக்கம் நின்றுதான் அந்த 1.37ஐ எடுக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் மரம் ‘பருத்து’ப் போகும், பத்து வருடக் கணக்கு பாழ். டேப்பைச் சுற்றுவதற்கு முன்னால் பட்டையில் ஒட்டிய பாசியையும் கொடியையும் கையால் தேய்த்து எடுத்துவிட்டு, டேப் முறுக்காமல் படுகிறதா என்று மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பார் வனக்காப்பாளர். இதுவும் வேலைதான்.

இவ்வளவு எண்ணுவது எதற்காக? வளர்வதற்கு மேல் வெட்டக் கூடாது என்பதற்காக. இன்று ஐக்கிய நாடுகள் சபை முதல் வங்கி விளம்பரம் வரை எல்லாரும் பேசும் நீடித்த வளர்ச்சி என்ற சிந்தனையை, காட்டை முன்வைத்து 1713இலேயே புத்தகமாக எழுதிவிட்டார் சாக்சனி நாட்டின் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். அவர் வன அதிகாரிகூட இல்லை, சுரங்க நிர்வாகி! வெள்ளி உருக்க விறகு போதாமல் போய்விடுமோ என்ற கவலையில் பிறந்த ஞானம்.

நம் பக்கம் வாருங்கள். 1840களில் மலபார் கலெக்டர் கனோலி, நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஆசைப்பட்டார். தேக்கு விதை லேசில் முளைக்காது, ஓடு கெட்டி. முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. அந்தத் தோட்டத்தை நிஜமாக்கியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் வன அலுவலர். உலகத்திலேயே பழைய தேக்குத் தோட்டம் என்று இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். பெயர்ப் பலகையில் என்ன பெயர்? கனோலி பிளாட்! இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் நிலம்பூர் போனால் சாத்து மேனன் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள், குறைந்துபோக மாட்டோம்.

டாப்சிலிப் போனவர்கள் ஹ்யூகோ வுட் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். மலை உச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கி இறக்கிய இடம் டாப்சிலிப். கப்பலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் தேக்கு போய்ப் போய் மலை மொட்டையடித்துக் கிடந்த காலத்தில் அங்கே வந்த வன அதிகாரி வுட். கால்சட்டைப் பையில் தேக்கு விதை, கையில் கைத்தடி. தடியால் ஒரு குழி, குழிக்குள் ஒரு விதை, அடுத்த அடி. இப்படியே நடந்தார் என்று இன்றும் ஆனைமலையில் சொல்கிறார்கள். 1933இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே அந்தத் தேக்குகளுக்கு நடுவே புதைத்தார்கள். என் நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறது.

கதை இதோடு முடிந்தால் அருமையாக இருக்கும். ஆனால் இன்றைய வனவியல் மாணவரைக் கேட்டால், ஒரே இன மரத்தை வரிசையாக நட்டால் அது தோட்டம், காடு இல்லை என்பார். இதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம். முன்னோர் நட்டதைப் பின்னோர் பிடுங்குகிறார்கள், இருவரும் பாடம் படித்துவிட்டுத்தான் செய்கிறார்கள்! நீலகிரியில் தைல மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டு, புல்வெளியை எல்லாம் ‘வீண் நிலம்’ என்று நினைத்த காலம் இருந்தது. இன்று அந்தப் புல்வெளியும் சோலையும்தான் தண்ணீரின் தாய்மடி என்று தெரிந்து, சீகையை அகற்றிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். அழகுக்கென வந்த மஞ்சள் கொன்றை வகை ஒன்று, சென்னா ஸ்பெக்டாபிலிஸ், முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் வளைத்துக்கொண்டது. அதைப் பிடுங்கிக் காகிதக் கூழுக்கு அனுப்புகிறார்கள். எந்த வேலையிலாவது தாத்தாவின் சாதனையைப் பேரன் வெட்டி லாரியில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா?

அதனால்தான் இவர்களுக்குப் படிப்பு நிற்பதே இல்லை. இந்திய வனப் பணிக்குத் தேர்வு எழுத பொறியியல் படித்தவரும் வரலாம், கால்நடை மருத்துவரும் வரலாம். நேர்முகத் தேர்வில் ஜெயித்தால் போதாது, 4 மணி நேரத்துக்குள் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும்! அப்புறம் டேராடூன் அகாடமியில் மண், மரம், சட்டம், அளவை, வனவிலங்கு எல்லாம். வேலையில் உட்கார்ந்தாயிற்று, இனி நிம்மதி என்று நினைத்தால் தப்பு. 7லிருந்து 9 ஆண்டு சர்வீஸில் ஒரு நீண்ட பயிற்சி, 16லிருந்து 18இல் இன்னொன்று, 26லிருந்து 28இல் மறுபடியும் ஒன்று. தலை நரைத்த தலைமை வனப் பாதுகாவலர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வகுப்பில் உட்காருகிறார்கள். அமெரிக்காவிலோ, சான்று பெற்ற வனவியலாளர் 3 ஆண்டுக்கு ஒருமுறை 60 மணி நேரத் தொடர்கல்வி கணக்கைக் காட்டாவிட்டால் சான்றிதழ் புதுப்பிக்கப்படாது.

படிப்பதற்குப் பத்திரிகையும் பழசுதான். ‘இண்டியன் ஃபாரஸ்டர்’ என்ற இதழ் 1875இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ‘சுதேசமித்திர’னைவிட மூத்தது! கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும், 1912இல் வந்த மெட்ராஸ் வனக் கல்லூரியும் தென்னிந்தியாவுக்கே வனம் சொல்லிக்கொடுத்தவை. ஆர்.எஸ்.புரத்தில் அந்த வளாகத்தைத் தாண்டித் தினமும் ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள்?

புதுப் பாடங்கள் இன்னும் வேடிக்கை. 2018 புலிக் கணக்கெடுப்பு, உலகின் மிகப் பெரிய கேமரா பொறி ஆய்வு என்று கின்னஸில் ஏறியது. 141 இடங்களில் 26,838 கேமராக்கள், விழுந்த படங்கள் 3,48,58,623. அதில் புலி எத்தனை படத்தில்? வெறும் 76,651! மிச்சமெல்லாம் மானும் பன்றியும் சிறுத்தையும், காற்றில் ஆடிய புல்லும்தான். இவற்றைப் பிரிக்க மென்பொருள் வந்துவிட்டது, வரிகளை ஒப்பிட்டு இது எந்தப் புலி என்று சொல்லவும் மென்பொருள் உண்டு. ஆனால் கணக்கெடுப்பில் கால்நடையாக நடந்த தூரம் 5,22,996 கிலோமீட்டர். பூமியை 13 முறை சுற்றும் தூரம், காட்டுப் பாதையில், அட்டைக்கடியோடு. அதற்கு மென்பொருள் கிடையாது.

காட்டுத்தீயும் செல்போனில் வருகிறது. செயற்கைக்கோள் வெப்பத்தைப் பார்த்ததும் இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி பறக்கும். ஒரு புள்ளி என்று திரையில் தெரிவது நிஜத்தில் 375 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் தீ எங்கே என்று தேடுவது மனிதர் வேலை. மார்ச் மாத வெயிலில் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துக்கொண்டே சரிவில் ஏறி, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்து, பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அணைக்கிறார்கள். காற்று திரும்பினால் ஓட வேண்டிய வழியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மதுக்கரையில் 2024இலிருந்து செயற்கை நுண்ணறிவு கேமராக் கோபுரங்கள் 12 நிற்கின்றன. யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தாலே கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை. யானையின் லத்தியைக் கிளறி எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும் ஆட்கள் இப்போது வெப்பப் படத்தையும் படிக்கிறார்கள்.

இங்கே ஆச்சரியக்குறியை எடுத்து வைத்துவிட வேண்டும். வாச்சாத்தியைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் வனத்துறையின் பெயரைப் பற்றிப் பேச முடியாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடி ஊருக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்து ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், 215 பேருக்குத் தண்டனை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் வனத்துறையினர். மலையூர்களில் காக்கியைக் கண்டால் இன்னும் கதவு மூடுகிறது என்றால் காரணம் சினிமா இல்லை. 2006இன் வன உரிமைச் சட்டம் வந்தபின், காடு யாருடையது என்று கிராம சபையோடு உட்கார்ந்து பேசப் பழகிக்கொள்வதுதான் இத்துறைக்கு ஆகக் கடினமான பாடம். அதற்கு மதிப்பெண் போட வேண்டியவர்கள் டேராடூனில் இல்லை.

இதே காலத்தில், இதே சந்தனக் காட்டின் இன்னொரு பக்கத்தில் நடந்ததையும் பாருங்கள். வீரப்பன் பிறந்த கோபிநத்தத்தில் பி. சீனிவாஸ் என்ற கர்நாடக வன அதிகாரி, வீரப்பனைப் பிடிக்க வந்தவர், ஊராருக்கு மருந்தகம் நடத்தினார், மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். 1991 நவம்பர் 10 அன்று, சரணடைகிறேன் என்ற பேச்சை நம்பி ஆயுதம் இல்லாமல் போனவரை வீரப்பன் கொன்றான். கீர்த்தி சக்ரா விருது வந்தது. அதைவிடப் பெரிது, வீரப்பனின் சொந்த ஊர்க்காரர்கள் அந்தக் கோயிலில் அவர் படத்தை வைத்துக் கும்பிடுகிறார்கள்!

நம் வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி இன்னொருவர். செத்த காட்டு யானையைப் புதைக்கும் முன் அறுத்து, எதனால் செத்தது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றவர். அழுகிய உடலின் மேல் ஏறி நின்று வேலை செய்தவர் 2002இல் மறைந்தார். வாசகர்கள் பெரும்பாலோர் அவரை அறிந்தது அதற்கப்புறம், 2011இல் ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையில். துறையின் எந்த விளம்பரத்தையும்விட அந்தக் கதை அதிகம் செய்தது என்பது என் கணக்கு.

பெண்கள்? 1980இல்தான் இந்திய வனப் பணிக்குள் முதல் 3 பெண்கள் நுழைந்தார்கள். குஜராத்தின் கிர் காட்டில் 2007இலிருந்து பெண் வனக்காவலர்கள் சிங்கத்தைத் தூக்கி வந்து வைத்தியம் பார்க்கிறார்கள். ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தின் பெள்ளி அம்மாளை 2023இல் தெப்பக்காடு யானை முகாமில் காவடியாக, அதாவது யானைப் பாகனின் உதவியாளராக, நியமித்தது அரசு. தமிழ்நாட்டில் அந்தப் பணியில் அவர்தான் முதல் பெண். அதே ஆண்டு தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களின் மாவுத்துகளும் (பாகன்கள்) காவடிகளுமாக 13 பேர் தாய்லாந்துக்கு விமானம் ஏறினார்கள், யானைப் பராமரிப்புப் பயிற்சிக்கு! பரம்பரை பரம்பரையாக யானையோடு வாழ்ந்தவர்களுக்கு வெளிநாட்டில் பாடமா என்று சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பறை எப்போதும் மேல் அதிகாரிக்குத்தான் என்றிருந்த துறையில், அங்குசம் பிடித்த கைக்கும் ஒரு பாஸ்போர்ட் வந்தது நல்ல செய்தி. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இன்னும் வரிசையில் காத்திருக்கிறார்கள். காட்டில் அதிகம் நடப்பவர்களும் அவர்கள்தான், தற்காலிகப் பணியில் காலம் ஓட்டுபவர்களும் அவர்கள்தான்.

பாடம் எதிர்ப்பக்கமும் போகும், தெரியுமா? வனத்துறை அனுமதியோடு பாம்பு பிடித்து விஷம் எடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து மாமல்லபுரம் அருகே நடக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, அங்குள்ள வனவிலங்குத் துறை திணறியது. நாய் விட்டார்கள், பரிசுப் போட்டி வைத்தார்கள், பாம்பு லேசில் கண்ணில் படவில்லை. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்தார்கள். இவர்கள் சாலையில் காரில் சுற்றவில்லை, நேரே புதருக்குள் இறங்கினார்கள். தடம், எச்சம், புல் மடிந்திருக்கும் விதம் என்று பார்த்துக்கொண்டே போய், ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள்! அதில் ஒன்று 16 அடி. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் நடந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.